அடுப்புக்கு ஆகாத கல்

அத்தியாயம் 6

லெட்லகானேயிலிருந்து மேற்கே நாற்பது மைல். அந்த மணல் பாதையில் லேண்ட்ரோவர் மூன்று முறை கொதித்து நின்றது. ஒவ்வொரு முறையும் கெனோசி இறங்கித் தண்ணீர் ஊற்றி, வண்டியின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டு ஏறினாள்.

“ர்ரா, இதை வித்துட்டு ஒரு கழுதை வாங்குங்க. கழுதை ஒரு தரம்தான் சாகும். இது மைலுக்கு ஒரு தரம் சாகுது.”

இந்தப் பக்கத்தில் ர்ரா என்றால் ஐயா. ர்ரா மொலெபாட்சி தலையாட்டினார். இருபத்தாறு வருடம் போலீஸில் சார்ஜண்டாக இருந்துவிட்டு, இப்போது ஃபிரான்சிஸ்டவுனில் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். மார்ச் மாதம் மனைவி இறந்துபோனாள். அன்றிலிருந்து சட்டைக் கையில் ஒரு கறுப்புத் துணித் துண்டு குத்தியிருக்கிறது. துக்கம் என்று சொல்லவும் முடியாது. எதுவுமே தோன்றவில்லை, அவ்வளவுதான். பசி வராததால் மணி பார்த்துச் சாப்பிட்டார். சிரிப்பு வராததால் கெனோசி பேசும்போதெல்லாம் தலையாட்டினார்.

கெனோசிக்கு நாற்பத்து மூன்று வயது. வைரம் தேடும் முகாம்களில் ஒன்பது வருடம் சமைத்தவள். இப்போது இவருக்கு டிரைவர், குமாஸ்தா, எல்லாம். சமையலைத்தான் விட்டாள், வாயை விடவில்லை.

பின் சீட்டில் பொனோலோ உட்கார்ந்திருந்தாள். மடியில் பழுப்புக் காகிதப் பொட்டலம். அதற்குள் மாமியார் தைத்துக் கொடுத்த கறுப்பு உடை இருந்தது.

அவள் கணவன் திரோ, இப்போது இவர்கள் போகிற வைர முகாமில் குழி தோண்டுகிறவன். ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வருபவன் போன ஞாயிறு வரவில்லை. செவ்வாய்க்கிழமை முகாமிலிருந்து ஆள் வந்து, “போன புதனே வேலையை விட்டுட்டுப் போயிட்டான்” என்று சொல்லிப் போனான். ஜோஹானஸ்பர்க்கில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் பேசியது. என் பிள்ளை செத்திருப்பானே தவிர ஓடியிருக்க மாட்டான் என்று மாமியார் துணி வாங்கித் தைக்க உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி கறுப்பு உடுத்தினால் ஊர் சிரிக்கும். செத்தவன் பெண்டாட்டி உடுத்தாமல் இருந்தால் ஊர் காறித் துப்பும்.

“ரெண்டுல ஒண்ணு தெரியணும் ர்ரா,” என்று மட்டும் சொல்லியிருந்தாள். “எதுவானாலும் சரி.” கண்ணில் ஈரம் இல்லை. அந்த வறட்சி மொலெபாட்சிக்குப் பழக்கமானது.

“ம்மா, அந்த உடைய நீங்களே போட்டுக்கக் கூடாது, தெரியும்ல?” என்றாள் கெனோசி, பாதையைப் பார்த்தபடி. “ஏற்கெனவே புருஷனுக்காகக் கறுப்பு உடுத்திக் கழட்டுனவங்க யாராவது போட்டு விடணும்.”

“தெரியும். நீங்க...?”

“நான் ஆக மாட்டேன். என் புருஷன் உயிரோடதான் இருக்கான். அதுதான் என் கஷ்டமே.”

பொனோலோ சிரிக்கவில்லை. மொலெபாட்சி தலையாட்டினார்.

முகாம் வந்தது. நாலு கூடாரம், ஒரு டிராக்டர், ஒரு ஜீப், ஒரு முள் மரம். மரத்தடியில் திறந்தவெளி அடுப்பு, அதில் கல் மேல் வைத்த, கால் இல்லாத பெரிய இரும்புப் பானை. பானையின் பக்கத்தில் நின்ற கிழவியைப் பார்த்ததும் கெனோசியின் முகம் மலர்ந்தது.

“மா-லெருவோ! ர்ரா, எனக்கு முகாம் சமையல் பழக்கிவிட்டதே இவங்கதான். துமேலா, ம்மா!”

கிழவி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பதில் வணக்கம் சொல்லாமல் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

கெனோசிக்கு முகம் செத்துவிட்டது. வணக்கத்துக்கு வணக்கம் சொல்லாதவர்களை இந்த மண்ணில் ஆடு மாடுகூட மதிக்காது.

பொனோலோ வண்டியிலேயே இருந்துகொண்டாள். மற்ற இருவரையும் முகாம் தலைவர் மொவாகி தன் கூடாரத்துக்கு அழைத்துப் போனார். படித்த மனிதர், கஞ்சி போட்ட சட்டை. பால் அதிகமாக விட்ட தேநீரைத் தானே கலந்து கொடுத்தார்.

“இங்க தோண்டறவன் திரோ ஒருத்தன்தான், நல்ல வேலைக்காரன். புதன்கிழமை காலைல கணக்கு முடிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டான். தடுக்க நான் யாரு?”

“இங்க நீங்க என்னதான் தேடுறீங்க?” என்றார் மொலெபாட்சி.

கேட்கக் காத்திருந்தவர் போல மொவாகியின் கண் பளிச்சிட்டது. “கிம்பர்லைட். பூமிக்குள்ள நூத்தைம்பது, இருநூறு கிலோமீட்டர் ஆழத்துல பிறக்கிற குழம்பு. அங்க பாறை முழுசா உருகாது ர்ரா. நூத்துல ஒரு பங்கு, அதுவும் வேர்வை மாதிரி கசியும். அதுல மணல் சத்து கம்மி, மக்னீசியம் அதிகம். முக்கியமா தண்ணியும் கரியமில வாயுவும் கலந்திருக்கும்.”

“சோடா,” என்றாள் கெனோசி.

“அதேதான். குலுக்கின சோடா பாட்டில். மேல ஒரு விரிசல் கிடைச்சா போதும், பாய்ஞ்சு வந்துடும். அவ்வளவு ஆழத்துலேருந்து சில மணி நேரத்துல தரைக்கு வந்துடும்னு கணக்குப் போடுறாங்க. வர்ற வழியில சுவரைப் பேத்துக்கிட்டு வரும். சிவப்பு கார்னெட், பச்சை மணி, வைரம் எல்லாம். வைரம் அதோட பிள்ளை இல்ல. வழியில ஏறிக்கிட்ட பயணி.”

“நம்ம மவுன் ஊர் பஸ் மாதிரின்னு சொல்லுங்க. கோழி, ஆடு, கடன்காரன், எல்லாரையும் ஏத்திக்கும். வைரம் ஏறினதாத்தான் நான் கேள்விப்படல.”

மொவாகி சிரித்தார். “இங்கயும் ஏறல. கரையான் ஆழத்துலேருந்து கொண்டுவந்த புத்து மண்ணுல நாலு சிவப்பு மணி கிடைச்சுதுன்னு அஞ்சு குழி தோண்டினோம். மேல மணல், கீழ சுண்ணாம்புக் கல். அதுக்குக் கீழ நீலமண் இருக்கணும், அந்தக் குழம்பு இறுகின கல்லு. இல்ல. குழியெல்லாம் புதனுக்கு முன்னாடியே மூடியாச்சு. மாசக் கடைசியில லைசன்ஸ் முடியுது, கம்பெனி கிளம்புது.”

“நீங்க?”

“நானும் வேலைய விடறேன். சொந்தமா ஏதாவது பாக்கலாம்னு.” கோப்பையைக் கீழே வைத்தார். “குழிகளைப் பாக்கணுமா? லெருவோ! இவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு.”

டிராக்டரடியில் படுத்திருந்த ஆள், அதை ஓட்டுகிறவன், எழுந்து வந்தான். முப்பது வயது இருக்கும், முகத்தில் நாலு நாள் தாடி. முன்னால் நடந்தான்.

குழி இருந்த இடங்கள் வரிசையாகத் தெரிந்தன. முதல் நாலும் சாப்பாட்டுத் தட்டு போல உள்வாங்கிக் கிடந்தன. நடுவில் மழைத் தண்ணீர் தேங்கி வற்றி, சேறு வெடித்திருந்தது. போன சனிக்கிழமை பெய்தது இந்தப் பருவத்தின் முதல் மழை. ஐந்தாவது குழி மட்டும் மேடாக, மண் உதிரியாக இருந்தது. லெருவோ அதற்கு இருபதடி முன்பே நின்றுவிட்டான்.

“வா,” என்றார் மொலெபாட்சி.

“இங்கேருந்தே தெரியுது, ர்ரா.”

மொலெபாட்சி அவனை வற்புறுத்தவில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்துக் கீழே விட்டார். உள்ளே ஏதாவது ஒன்று துடிக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. எதுவும் துடிக்கவில்லை. திரும்பி நடந்தார்.

இந்த ஊரில் ஆண்கள் அடுப்புப் பக்கம் போவதில்லை. மொவாகி இந்த முகாமில் ஆறு மாதமாக இருக்கிறார், ஒரு நாளும் அந்த முள் மரத்தடிக்குப் போயிருக்க மாட்டார். மொலெபாட்சியும் மார்ச் வரைக்கும் அப்படித்தான் இருந்தார். எட்டு மாதமாகத் தானே கஞ்சி காய்ச்சிக் குடிப்பதால், இப்போதெல்லாம் எங்கே அடுப்பைப் பார்த்தாலும் கால் தானாக அங்கே போய்விடுகிறது.

கெனோசி அங்கே ஏற்கெனவே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். கிழவி சற்று தள்ளி, சோளமாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“பாருங்க ர்ரா கூத்த,” என்று கெனோசி குரலைத் தாழ்த்தினாள். “கிழவிக்குப் புத்தி மழுங்கிடுச்சு. பானைக்குக் கீழ மூணு நீலக் கல். முகாம்ல புதுசா சமைக்க வர்ற மக்குங்க செய்யற தப்பு இது. நானே முதல் மாசம் செஞ்சிருக்கேன். கல்லு பாக்க இரும்பு மாதிரி இருக்கும். கஞ்சி பொங்கித் தண்ணி பட்டுதோ, டீயில நனைச்ச பிஸ்கட்டுதான். பானை கவுந்து அன்னிக்கு இருபது பேர் பட்டினி. என்னைத் துரத்தித் துரத்தி அடிச்சது யார் தெரியுமா? இந்தக் கிழவிதான்.”

மொலெபாட்சி குனிந்தார். கற்கள் நீலம் கலந்த சாம்பல் நிறம். பானையின் அடி முழுக்கக் கரி, கற்களில் கரியே இல்லை. விறகுக் குவியலுக்குப் பின்னால் மூன்று கறுத்த கற்கள் கிடந்தன. ஒன்றைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“சுடுது,” என்றார்.

“எது?”

“பழைய கல். நாம டீ குடிக்கறப்போ மாத்தியிருக்காங்க.” விரலை உதறினார். “கெனோசி, இவங்க எத்தனை வருஷமா சமைக்கறாங்க?”

“இருபத்திரண்டு.”

“இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தரமாவது நீலக் கல் வெச்சிருக்காங்களா?”

கெனோசி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். “ஒரு தரம்கூட இல்ல.”

“உன்னைப் பாத்ததும் வணக்கம் சொல்லாம முதுகைத் திருப்பினாங்க. அப்புறம், உனக்கு மட்டும் புரியற ஒரு தப்பைச் செஞ்சு வெச்சிருக்காங்க.” அவர் நிமிர்ந்தார். “மொவாகிய இங்க கூட்டிட்டு வா. வர்ற வழியில அவர் வண்டியையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வா.”

மொவாகி வந்தார். லெருவோவும் டிராக்டரை விட்டு நாலடி நெருங்கி நின்றான்.

“இது என்ன கல்லு, ர்ரா?”

மொவாகி பானையின் கீழே பார்த்தார். பார்த்த பிறகு கொஞ்சம் அதிகநேரம் பார்த்தார். “சாதாரணக் கருங்கல். பக்கத்துல ஏதாவது குன்றுலேருந்து பொறுக்கியிருப்பாங்க.”

“எந்தக் குன்று?” என்றாள் கெனோசி. “நாப்பது மைல் வந்தேன், கரையான் புத்தைத் தவிர ஒரு மேட்டைப் பாக்கல.”

மொலெபாட்சி வாளியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு, முன்னால் இருந்த கல்லின் மேல் ஊற்றினார். சூடு தணிந்து ஆவி போனது. இன்னொரு குவளை ஊற்றினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கஞ்சி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கல்லின் விளிம்பில் ஒரு மெல்லிய தோல் உரிந்து விழுந்தது. அப்புறம் ஒரு விரிசல், அதன் குறுக்கே இன்னொன்று. பத்தாவது நிமிடம் கல் உட்கார்ந்துவிட்டது. பானை சாய்ந்து, கஞ்சி மணலில் கொட்டி, புகையும் சாம்பலுமாகக் கிளம்பியது. கிழவி பானையைப் பிடிக்க எழுந்திருக்கவில்லை. சல்லடை மட்டும் கையில் நின்றுபோயிருந்தது.

மொலெபாட்சி நீலச் சேற்றைக் கிளறி, ஒரு சிவப்பு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“பயணி,” என்றார். “பஸ் வந்திருக்கு. நீங்க வரலைன்னீங்க.”

“ர்ரா, இதை எங்கேயோ...”

“எங்கேயோ இல்ல. இந்தக் கல்லு போன சனிக்கிழமை மழையில வெளியே கிடந்திருந்தா இன்னிக்குச் சேறாத்தான் இருக்கும். முழுசா இருக்கு. அப்போ மழைக்கு அப்புறம் மேல வந்தது. நாலு குழி மழையில உள்வாங்கிடுச்சு, அஞ்சாவது மேடா நிக்குது. அப்போ அதை மழைக்கு அப்புறம் மூடியிருக்கீங்க. மழைக்கு அப்புறம் அஞ்சாவது குழியில நீலமண் வரைக்கும் யாரோ தோண்டியிருக்கான். இந்த முகாம்ல தோண்டறவன் ஒருத்தன்தான். அவன் புதன்கிழமையே போயிட்டான்னு நீங்க சொல்றீங்க.”

மொவாகி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “தோண்டிட்டு அப்புறம் போயிருக்கலாமே?”

“தோண்டினவன் வேற, மூடினவன் வேற,” என்றார் மொலெபாட்சி. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “தோண்டினவன் வெளியே வந்தானா இல்லையா, அது மூடினவனுக்குத்தான் தெரியும். டிராக்டர் ஓட்டறது இங்க ஒருத்தன்தான்.”

அவர் லெருவோவைப் பார்க்கவில்லை. கிழவியைப் பார்த்தார். கெனோசியும் அப்போதுதான் கிழவியைப் பார்த்தாள். இந்த நாட்டில் ஒருத்திக்குத் தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் அவளுடைய சொந்தப் பெயர் போய்விடும், பிள்ளையின் பெயர்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கிழவியை எல்லோரும் மா-லெருவோ என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள்.

“கடவுளே,” என்றாள் கெனோசி. “பெத்த புள்ளையா?”

கிழவி சல்லடையைக் கீழே வைத்தாள்.

“வாயால காட்டிக் குடுக்க முடியல, ர்ரா,” என்றாள். “மூணு ராத்திரி முயற்சி பண்ணிப் பாத்தேன். வாய் வரல. அடுப்பு சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

மொவாகி மெல்லத் தன் ஜீப்பின் பக்கம் நகர்ந்தார்.

“அதுல ஏறாதீங்க, ர்ரா,” என்றாள் கெனோசி. “அதைக் கிளப்பற சின்ன சாமான் ஒண்ணு என் பாவாடைப் பையில இருக்கு. நடந்து போறதுன்னா போங்க, நாப்பது மைல்தான். வழியில சிங்கத்தைப் பாத்தா வணக்கம் சொல்லிட்டுப் போங்க.”

லெருவோ மணலில் உட்கார்ந்துவிட்டான். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான், தரையைப் பார்த்து.

“ஞாயித்துக்கிழமைதான் நீலமண் வந்துது. திரோ வாளியில ஏத்தி அனுப்பினான். ஒரே பாட்டு, மேல வர்ற வரைக்கும். வீட்டுக்குப் போறேன்னான், ர்ரா மொவாகி விடல, இன்னும் ஒரு நாள்னாரு. திங்கக்கிழமை சுவர் சரிஞ்சுது. பக்கத்து முகாம்ல ஆளுங்க இருக்காங்க, கூட்டிட்டு வரேன்னேன். வேணாம்னாரு. வந்தா நீலமண்ணப் பாத்துடுவாங்க. லைசன்ஸ் முடியட்டும், இந்த இடத்தை நாம எழுதி வாங்கிக்கலாம், உனக்கும் பங்குன்னாரு. அவன் செத்துட்டான், மூடுன்னாரு.”

“செத்துட்டானா?” என்றார் மொலெபாட்சி.

லெருவோ இல்லையென்று தலையசைத்தான்.

“கூப்பிட்டான். ரெண்டு தரம். மணல் சரியற சத்தம்னாரு இவரு. என் பேரச் சொல்லுமா, ர்ரா, மணல்?”

“அப்புறம்?”

“டிராக்டர ஓட்டினேன்.”

கோபம் வரும் என்று மொலெபாட்சி காத்திருந்தார். வரவில்லை. வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். மார்ச்சுக்குப் பிறகு அவருக்குத் தானாக வந்த முதல் தாகம் அது.

மொவாகியையும் லெருவோவையும் டிராக்டரடியில் உட்கார வைத்து, கெனோசி லேண்ட்ரோவரின் இரும்புக் கம்பியோடு காவலுக்கு நின்றாள்.

பொனோலோ வண்டியை விட்டு இறங்கி நின்றிருந்தாள். இப்படிப்பட்ட செய்தியைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. பெரிய பெண்கள் நாலு பேர் கூடி, தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். நாலு பேருக்கு மொலெபாட்சி எங்கே போவார்.

“ஓடிப் போகல, ம்மா,” என்றார்.

“எங்க இருக்கார்?”

அவர் ஐந்தாவது குழியைக் காட்டினார். அவள் அந்த மேட்டைப் பார்த்துத் தலையசைத்தாள். பொட்டலத்தின் நூலை அவிழ்த்து, உடையை உதறி எடுத்து, போட்டிருந்த பூப்போட்ட உடையின் மேலேயே தலை வழியாக மாட்டிக்கொண்டாள். பின்பக்கம் எட்டுப் பித்தான். அவள் கை அங்கே போகவில்லை, அப்படியே நின்றாள்.

அந்த நாற்பது மைலுக்குள் புருஷனை இழந்து கறுப்பு உடுத்திக் கழற்றியவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து, மெல்ல நடந்து வந்து, மூன்றடி தள்ளி நின்றாள். கையில் சாம்பலும் நீலச் சேறும் காய்ந்திருந்தன.

“ம்மா,” என்று மொலெபாட்சி தொடங்கினார். “இவங்க மகன்தான்...”

“கேட்டுது, ர்ரா. இங்க வரைக்கும் எல்லாம் கேட்டுது.”

பொனோலோ அந்தக் கிழவியை நேராகப் பார்த்தாள். பிறகு திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

கிழவி முதல் பித்தானைப் பிடித்தாள். அது துளையில் நுழையவில்லை. விரல் நழுவியது. மறுபடி பிடித்தாள், மறுபடி நழுவியது. அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

பொனோலோ திரும்பிப் பார்க்கவில்லை.

“மெதுவாப் போடுங்க, ம்மா,” என்றாள். “பொழுது இருக்கு.”